வலைச்சேவைகளைத் தானாகக் கோப்பது பற்றி நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரியோடு கருவிகளை இணைக்கும் வேலையில் நீ இறங்கியிருப்பதை உன் கடிதத்தில் படித்து மகிழ்ந்தேன். வலைச்சேவைகளை, அதாவது இணையம் வழியாக ஒரு நிரல் இன்னொன்றிடம் கேட்டுப் பெறும் சேவைகளை, தானாக ஒன்றோடொன்று கோக்கும் ஆய்வு, மேற்கோள் எண்ணிக்கையைத் தவிர வேறெதைச் சாதித்தது என்று கேட்டிருக்கிறாய். கேள்வியில் எரிச்சல் தொனித்தாலும் நியாயம் இல்லாமல் இல்லை.

நாம் சேர்ந்து எழுதிய பயண முன்பதிவு நிரல் நினைவிருக்கிறதா? விமானச் சேவை ‘03-04’ என்று தந்த தேதியை விடுதிச் சேவைக்கு அப்படியே அனுப்பினோம்; ஏப்ரல் 3 அன்று வந்திறங்க வேண்டியவருக்கு மார்ச் 4 அன்று அறை பதிவாகிவிட்டது. சேவையை எப்படி அழைப்பது என்று விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் கோப்புகள் இரண்டு சேவைகளுக்கும் இருந்தன; இரண்டுமே அந்தப் புலத்தை வெறும் ‘ஸ்ட்ரிங்’ (எழுத்துத் தொடர்) என்றே அறிவித்திருந்ததால் வகைச் சோதனையில் ஒரு குறையும் தென்படவில்லை. எந்த வடிவில் கேட்க வேண்டும் என்பதை அக்கோப்பு சொல்லியது; கேட்டால் உலகில் என்ன மாறும் என்பதைச் சொல்லவில்லை.

கணினி ஆய்வாளர் ஷீலா மெக்கில்ரெய்த் கைவைத்தது சரியாக அந்த இடத்தில்தான். த்ரான் காவ் சொன், ஹாங்லெய் ஜெங் ஆகியோருடன் 2001இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஒரு சேவையை அழைப்பதற்கு முன் எவை உண்மையாக இருக்க வேண்டும், அழைத்த பின் எவை உண்மையாகும் என்பவற்றைக் கணினிக்குப் புரியும்படி எழுதிவைத்தால், சேவைகளைத் தேடுவதையும் அழைப்பதையும் கோப்பதையும் நிரலே பார்த்துக்கொள்ளும் என்று வாதிட்டது. சேவையைச் ‘செயல்’ என்று பார்த்ததும், செயற்கை நுண்ணறிவுத் துறை பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்திருந்த திட்டமிடல் முறைகள் முழுவதும் வலைக்குப் பயன்படத் தொடங்கின. அவருடைய தாக்கம் என்று நான் முதலில் சொல்வது இந்தப் பார்வை மாற்றத்தைத்தான்.

ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது, சொன்னுடன் சேர்ந்து 2002இல் அவர் எழுதிய கட்டுரை. டொரான்டோவில் உருவான கோலாக் என்ற தருக்க நிரல்மொழியை எடுத்துக்கொண்டு, ‘பயணத்துக்கு ஏற்பாடு செய்’ என்பது போன்ற பொதுவான நடைமுறையை ஒருமுறை மட்டும் எழுதிவைத்து, ஒவ்வொரு பயனரின் விருப்பத்தையும் தனிக் கட்டுப்பாடாகச் சேர்க்க வழி செய்தார்கள். எதையும் வெறுமையிலிருந்து திட்டமிட வேண்டியதில்லை; எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவைக்கவும் வேண்டியதில்லை. இரண்டு செயல்களுக்கு நடுவே ஏதேனும் ஒரு முன்நிபந்தனை விடுபட்டிருந்தால், அதை நிறைவேற்றும் செயலை நிரல் தானே இடையில் செருகிக்கொள்ள ஒரு குறியீட்டையும் சேர்த்திருந்தார்கள். இவற்றையெல்லாம்விட நுட்பமானது வேறொன்று. விமான நேரத்தை விசாரிப்பது போன்ற தகவல் சேவைகளைத் திட்டமிடும்போதே உண்மையாக அழைத்துப் பார்க்கலாம். பணம் செலுத்துவது போன்ற, உலகை மாற்றும் சேவைகளைத் திட்டம் முடியும்வரை மனக்கணக்காக மட்டுமே ஓட்ட வேண்டும். விசாரித்துப் பெற்ற தகவல் அதுவரை மாறாமல் நிற்கும் என்ற அனுமானத்தையும் மறைக்காமல் எழுதிவைத்தார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். நம் நிரலில் அதே அனுமானம் எங்கோ ஒளிந்திருந்தது.

உன் எரிச்சலுக்கு வருகிறேன். பொதுப் பயன்பாட்டுக்கென ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், எஸ்ஏபி ஆகியவை நடத்திய யூடிடிஐ என்ற வலைச்சேவைப் பதிவேடு 2006 ஜனவரியில் மூடப்பட்டது. சேவைகளின் முன்நிபந்தனைகளையும் விளைவுகளையும் எழுத மெக்கில்ரெய்த்தும் பங்கேற்று உருவாக்கிய ஓடபிள்யூஎல்-எஸ் விவரண மொழி 2004இல் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பிடம் சமர்ப்பிக்கப்பட்டும் அன்றாட நிரலாளர் மேசைக்கு வந்து சேரவில்லை. பெரும்பாலோர், சேவைகளை அழைக்கும் வரிசையை எழுதும் பீபெல் மொழியில் கையாலேயே கோத்தார்கள். கணிதம் தோற்றதால் அப்படி ஆகவில்லை என்பது என் கணிப்பு. முன்நிபந்தனைகளையும் விளைவுகளையும் உட்கார்ந்து எழுத யார் முன்வருவார்கள்? உழைப்பு சேவை தருபவருக்கு, பயன் முகம் தெரியாத யாருக்கோ என்றால் எழுத ஆள் கிடைக்காது. ஆய்வாளர்கள் இதைக் குறைத்து மதிப்பிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இன்று அந்த விவரணையைச் சாதாரண வாக்கியத்தில் எழுதினாலே மாதிரி படித்துக்கொள்கிறது. அதனால் எழுதும் சுமை குறைந்துவிட்டது. ஆனால் படித்துக்கொண்டது சரிதானா என்று நிறுவ கோலாக்கில் இருந்த தருக்கம் அதனிடம் இல்லை. மொழி மாதிரிகளைக் கருவிகளோடு இணைக்க 2024 நவம்பரில் அறிமுகமான எம்சிபி நெறிமுறையில்கூட, ஒரு கருவி தகவலை வாசிக்க மட்டும் செய்கிறதா அல்லது எதையாவது மாற்றுகிறதா என்று அறிவிக்கும் குறிப்புகள் பின்னர் சேர்க்கப்பட்டன. அவற்றைப் படித்தபோது 2002ஆம் ஆண்டுக் கட்டுரையின் அந்தப் பக்கம்தான் கண்முன் வந்தது. நேரடி வாரிசு என்று நான் சாதிக்க வரவில்லை; அதே இடத்தில் அதே முடிச்சு விழுந்திருக்கிறது.

உன் மாதிரியிடம் கொடுத்திருக்கும் கருவிகளின் பட்டியலை எனக்கு அனுப்பு. எவை விசாரிப்பவை, எவை மாற்றுபவை என்று நீயே பிரித்துக் குறித்து அனுப்பினால் இன்னும் நல்லது. தேதிப் புலங்களை மட்டும் நான் முதலில் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்