மைனர் கார்டே இல்லாத சோகப் பாட்டு

அன்புள்ள சுந்தருக்கு,

உன் கடிதமும் கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) குறித்த தாளும் கிடைத்தன. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். அவளிடம் சொல்.

உங்கள் குழு மேடையில் வாசிக்க அமெரிக்க சோல் (கறுப்பின மக்களின் உணர்ச்சி ததும்பும் இசை) பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்கின் ‘டாக் ஆஃப் த பே’ பாட்டை எடுத்திருக்கிறீர்கள், ஆனால் வாசித்தால் சப்பென்று இருக்கிறது என்று எழுதியிருந்தாய். தாளைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. பல்லவியில் ஈ மைனர் போட்டிருக்கிறீர்கள், சோகச் சாயல் உள்ள கார்டு. அங்கே வருவது ஈ மேஜர், தெளிந்த சாயல் உள்ளது. ஜி ஸ்கேலில் சோகப் பாட்டு என்றாலே விரல் தானாக ஈ மைனருக்குப் போய்விடும். எல்லாரும் வழுக்குகிற இடம் இது. இந்தப் பாட்டில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு மைனர் கார்டு கிடையாது.

சரணம்: ஜி, பி, சி, ஏ. பல்லவி: ஜி–ஈ, ஜி–ஈ, ஜி–ஏ, ஜி–ஈ. நடுப்பகுதியில் ஜி–டி–சி சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் எஃப், டி. எல்லாம் மேஜர். பி கார்டின் டி ஷார்ப், ஏ கார்டின் சி ஷார்ப், ஈ கார்டின் ஜி ஷார்ப், எஃப் கார்டின் எஃப், இந்த நாலு சுரமும் ஜி மேஜர் ஸ்கேலில் இல்லாதவை. அதிலும் ஜி ஷார்ப் ஆதார சுருதிக்கு அரைச் சுரம் மேலே இடித்துக்கொண்டு நிற்கிறது. ஊர் விட்டு வந்தவன் எங்கேயும் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கிற உணர்வு அந்த இடிப்பில்தான் இருக்கிறது. ஈ மைனர் போட்டால் அது அப்படியே கரைந்து, சாதாரண அழுகைப் பாட்டாகிவிடும்.

இந்தக் கார்டுகள் எங்கிருந்து வந்தன என்பதை ரெட்டிங்கோடு சேர்ந்து பாட்டை எழுதிய ஸ்டீவ் குரோப்பர் சொல்லியிருக்கிறார். ரெட்டிங் கிடாரை ஓபன் ஈ-யில் சுருதி கூட்டுவார்; அதில் வெறும் தந்திகளே ஈ மேஜர் கார்டாக ஒலிக்கும், ஒரு விரலைக் குறுக்கே வைத்தால் எந்த ஃப்ரெட்டிலும் (கழுத்தில் உள்ள கட்டத்திலும்) மேஜர் கார்டுதான் வரும். நீயே செய்து பார்: வெறும் தந்தி ஈ, 3-வது ஃப்ரெட் ஜி, 5 ஏ, 7 பி, 8 சி. சி-யிலிருந்து ஏ-க்கு 8, 7, 6, 5 என்று விரல் சறுக்கி இறங்குவது சரணத்தின் உயிர். உங்கள் ஆட்கள் அதைத் தாண்டிக் குதிக்கிறார்கள். ஓபன் ஈ-க்கு ஐந்தாம், நான்காம் தந்திகளை முழுச் சுரமும் மூன்றாம் தந்தியை அரைச் சுரமும் ஏற்ற வேண்டும். பழைய தந்தி அறுந்துவிடும், கழுத்துக்கும் இழுப்பு அதிகம். அதனால் ஒரு முழுச் சுரம் கீழான ஓபன் டி-க்கு இறக்கி 2-வது ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடு. எண்களைக் கேப்போவிலிருந்து எண்ணிக்கொள்.

பாட்டு பிறந்த கதை உனக்குத் தெரிந்திருக்கும். 1967 கோடையில், கலிஃபோர்னியாவின் மான்ட்டெரே இசை விழாவுக்குப் பிறகு, சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் சாசலிட்டோவில் ஒரு படகு வீட்டில் முதல் வரிகளை எழுதினார். மீதியை மெம்ஃபிஸில் குரோப்பரோடு முடித்தார். பதிவு நவம்பர் 22, அங்கே அவருடைய இசைத்தட்டுக் கம்பெனியான ஸ்டாக்ஸின் ஸ்டூடியோவில். பழைய சினிமா தியேட்டர் அது, தரையின் சரிவைக்கூட மாற்றாமல் வைத்திருந்தார்கள். பியானோ புக்கர் டி. ஜோன்ஸ், பேஸ் டக் டன், டிரம்ஸ் ஆல் ஜாக்சன் ஜூனியர். ஸ்டாக்ஸ் தலைவர் ஜிம் ஸ்டூவர்ட்டுக்கே இது சோல் பாட்டாகப் படவில்லை. தொண்டை கிழியக் கத்திப் பாடுகிறவர் என்று பெயரெடுத்தவர் இவ்வளவு அடக்கிப் பாடினால் யோசனை வரத்தானே செய்யும். ஆனால் அந்த அடக்கம்தான் பாட்டு. உங்கள் பாடகரிடம் இதை மட்டும் சொல், போதும்.

டிசம்பர் 10-ம் தேதி விஸ்கான்சினில் மோனோனா ஏரியில் விமானம் விழுந்தது. ரெட்டிங்குக்கு வயது 26. அவருக்குப் பக்கவாத்தியம் வாசித்த பார்-கேஸ் குழுவினர் சிலரும் கூடப் போனார்கள். அந்த விமானத்திலிருந்து பிழைத்தவர் டிரம்பெட் வாசித்த பென் காலி ஒருவர்தான். அந்தத் துக்கத்திலேயே குரோப்பர் பதிவுகளைச் சேர்த்துக் கலக்கும் மிக்ஸை முடித்தார். அலையோசையும் கடற்பறவைக் குரலும் அவர் சேர்த்தவை. 1968 ஜனவரியில் வெளிவந்து மார்ச்சில் அமெரிக்காவில் முதலிடம். பாடகர் இறந்த பிறகு ஒரு பாட்டு அங்கே முதலிடம் பிடித்தது அதுவே முதல் தடவை. எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அதே 1968-ல் ஸ்டாக்ஸுக்கு அதன் தட்டுகளை விநியோகித்த அட்லாண்டிக் கம்பெனியோடு உறவு முறிந்தபோது, 1965 ஒப்பந்தப்படி அதுவரை அவர்கள் விநியோகித்த ஸ்டாக்ஸ் மாஸ்டர்கள் (மூலப் பதிவுகள்) எல்லாம் அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்று தெரிந்தது. இந்தப் பாட்டும் அதோடு போயிற்று.

மேடைக்கு வருவோம். நிமிடத்துக்கு 104 பீட் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். நீ குறித்திருக்கும் 92-ல் தூங்கிவிடும். டிரம்பெட்டும் சாக்ஸும் பாடகரை மீறக் கூடாது. பேஸ்காரர் இடைவெளிகளை நிரப்ப வேண்டாம். விசிலை ஒருவரே அடிக்கட்டும், கூட்டத்தை அடிக்கச் சொல்லாதே. இசைத்தட்டில் அது ஜி–ஈ சுற்றின் மேலேயே தேய்ந்து மறைகிறது. மேடையில் அப்படி மறைய முடியாது என்பதால் பலரும் ஜி-யில் கொண்டுபோய் முடிக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது, வீடு திரும்பிவிட்ட மாதிரி ஆகிவிடும். ஈ-யில் நிறுத்து.

அடுத்த ஒத்திகையைப் பதிவு செய்து அனுப்பு.

அன்புடன்,
மோகன்