பட்டிமன்ற நடுவர்களுக்கு ஒரு மடல்: உதவி இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கும் போட்டி ஏற்பாட்டாளர்களுக்கும்,

வணக்கம். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் வார இறுதிகளில் துணைப்பாட வகுப்பு எடுக்கும் தொண்டூழியன் நான். தமிழ்மொழி விழாவையொட்டி நடந்த மாணவர் விவாதம் ஒன்றில், வெளிநாட்டு உதவி ஏழை நாடுகளின் பொருளாதாரத்தை வளர்க்கிறதா என்பது தலைப்பு. என்னிடம் படிக்கும் இரண்டு பிள்ளைகள் பேசினார்கள், தோற்றார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. தீர்ப்புரைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

எதிரணி ஒரு வரைபடத்தைக் காட்டியது. ஆப்பிரிக்காவுக்குச் சென்ற உதவி ஏறுகிறது. அதே ஆண்டுகளில் வளர்ச்சி இறங்குகிறது. "இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?" என்று கேட்டு நடுவர் தீர்ப்பளித்தார். அரங்கம் கைதட்டியது. அந்தக் கைதட்டலோடு ஒரு தவறான பாடத்தையும் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

என் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். துணைப்பாடத்துக்கு வரும் பிள்ளைகளின் கணித மதிப்பெண்ணை வராத பிள்ளைகளின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டால், என் பிள்ளைகள் பின்தங்கித்தான் இருப்பார்கள். நான் கற்பித்ததால் அவர்கள் கெட்டுப்போனார்கள் என்று எந்தப் பெற்றோரும் சொல்வதில்லை. தடுமாறும் பிள்ளையைத்தான் அனுப்புகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். வறட்சி, போர், கடன் என்று ஒரு நாடு தள்ளாடும்போதுதான் உதவியும் அங்கே போகிறது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. இந்தக் காகம் தற்செயலாக வரவில்லை. பழம் விழப்போகும் மரமாகப் பார்த்து வந்து உட்காருகிறது. வரைபடத்தால் அதைக் காட்ட முடியாது.

அறிஞர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். கிரெய்க் பர்ன்சைடும் டேவிட் டாலரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு, நல்ல கொள்கை உள்ள நாடுகளில் உதவி வளர்ச்சியைத் தருகிறது என்றது. கொடையாளி நாடுகள் அதை விரும்பிப் பிடித்துக்கொண்டன. 2004இல் ஈஸ்டர்லி, லெவின், ரூட்மன் மூவரும் அதே சமன்பாட்டில் கூடுதல் நாடுகளையும் கூடுதல் ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். முடிவு நிற்கவில்லை.

2008இல் ரகுராம் ராஜனும் அரவிந்த் சுப்பிரமணியனும் வேறு வழியில் முயன்றார்கள். நாட்டின் வளர்ச்சியைப் பார்த்து அல்லாமல், மக்கள்தொகை, பழைய காலனித்துவ உறவு போன்ற காரணங்களால் கிடைக்கும் உதவியை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, உறுதியான பலன் எதுவும் தெரியவில்லை. ஆனால் இப்படிப் பிரித்தெடுக்கும் முறையின் பலமெல்லாம் பெரும்பாலும் நாட்டின் மக்கள்தொகை அளவிலிருந்துதான் வருகிறது என்று 2013இல் கிளெமன்ஸும் பாஸியும் காட்டினார்கள். சிறிய நாடாக இருப்பது உதவி வழியாக மட்டுமா வளர்ச்சியைத் தொடுகிறது? வணிகம், துறைமுகம், சந்தை என எத்தனை வழிகள்! சிங்கப்பூரில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான் அதிகம் நம்புவது 2017இல் கலியானியும் மூன்று சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வை. உலக வங்கியின் அனைத்துலக மேம்பாட்டுச் சங்கம் சலுகைக் கடனுக்கு ஒரு வருமான வரம்பு வைத்திருக்கிறது. 1987க்கும் 2010க்கும் இடையில் 35 நாடுகள் அந்தக் கோட்டைத் தாண்டின. தாண்டியபின் அவற்றுக்கு வந்த உதவி வெகுவாகக் குறைந்தது. எங்கள் வகுப்பிலும் இப்படி நடப்பதுண்டு. அப்பாவுக்குச் சிறிய சம்பள உயர்வு கிடைக்கிறது, குடும்பம் வரம்பைத் தாண்டுகிறது, கட்டணச் சலுகை நின்றுபோகிறது. பிள்ளை அதே பிள்ளைதான், கோடு மட்டுமே இடையில் வந்தது. அதனால்தான் அங்கே ஒப்பீட்டுக்கு அர்த்தம் இருக்கிறது. தேசிய வருமானத்தில் உதவியின் பங்கு ஒரு விழுக்காட்டுப் புள்ளி கூடினால், தலா வருமான வளர்ச்சி ஆண்டுக்கு ஏறத்தாழ 0.35 விழுக்காட்டுப் புள்ளி கூடுகிறது என்பது அவர்கள் கண்டது.

இதையும் அளவோடுதான் ஏற்க வேண்டும். வேகமாக வளர்ந்த நாடுதான் கோட்டைத் தாண்டும். அதன்பின் வேகம் தானாகவே தணியலாம். அந்த ஐயத்தை ஆய்வாளர்களே எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். ஆனால் கோட்டருகே நின்ற 35 நாடுகளின் கதையைப் போரில் சிதைந்த நாட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது.

நம் கதைக்கு வருகிறேன். "உதவியே இல்லாமல் முன்னேறியது சிங்கப்பூர்" என்று மேடையில் சொல்லாத பேச்சாளர் இல்லை. 1960இல் ஐக்கிய நாட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்த டச்சுப் பொருளியலாளர் ஆல்பர்ட் வின்செமியஸ் 1984 வரை நமக்கு ஆலோசகராக இருந்தார். பிரிட்டிஷ் படைகள் வெளியேறவிருந்தபோது, கடனும் மானியமுமாக 5 கோடி பவுண்டு உதவி அறிவிக்கப்பட்டது. எனவே அந்தப் பேச்சு பிழை. அதே சமயம், உதவிதான் நம்மை வளர்த்தது என்பதற்கும் இது சான்றாகாது. வின்செமியஸ் வராத இன்னொரு சிங்கப்பூர் எங்கும் இல்லையே, ஒப்பிட்டுப் பார்க்க.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். மதிப்பீட்டுத் தாளில் குரல், உச்சரிப்பு, மேற்கோள் ஆகியவற்றுக்கு இடம் இருக்கிறது. "எதனோடு ஒப்பிடுகிறாய்?" என்ற கேள்விக்கு விடை சொல்லும் பிள்ளைக்கும் மதிப்பெண் ஒதுக்குங்கள். "எந்த வகை உதவி, எத்தனை ஆண்டில், எவ்வளவு?" என்று ஒரு பிள்ளை தலைப்பையே பிரித்துக் கேட்டால், நழுவுகிறான் என்று புள்ளியைக் குறைக்காதீர்கள். அன்று தோற்ற அணியில் ஒரு பெண் கேட்டாள்: "அந்த உதவி போகாதிருந்தால் வளர்ச்சி இன்னும் இறங்கியிருக்காது என்பதற்கு என்ன உறுதி?" மணி அடித்துவிட்டது. அவளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அடுத்த ஏப்ரலுக்கு முன் நடுவர்களுக்கான கூட்டம் ஏதேனும் வைத்தால் என்னை அழையுங்கள். அந்த வரைபடத்தையும் எங்கள் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் கொண்டுவருகிறேன். பெயர்களை மறைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு துணைப்பாட ஆசிரியர்