இரண்டாவது ஃபேடர்

அன்புள்ள ஆறு மணிக்கு,

போன வெள்ளிக்கிழமை நம் பள்ளி வானொலியின் டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டோம். உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று குழுவில் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். யாராவது உன் காதில் போடுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

பிறரும் படிப்பார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. 'ஆறு மணி' என்பது நீ நடத்திய ஆறு மணி நிகழ்ச்சி; அதனால் உனக்கும் அதுவே பெயர். 2000-இல் அமெரிக்காவில் ஒலிபரப்பு உரிமம் வழங்கும் அரசு அமைப்பான எஃப்.சி.சி. ஏற்படுத்திய குறைந்த திறன் பண்பலை வகையைச் சேர்ந்தது எங்கள் நிலையம். உச்சவரம்பு 100 வாட். ஐந்தாறு கிலோமீட்டர் கேட்டால் பெரிது. உரிமம் பள்ளியின் பெயரில், உழைப்பு மாணவர்களுடையது. மற்றதெல்லாம் உனக்குத் தெரியும்.

எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தாண்டி எதுவும் நினைவுக்கு வரவில்லை. எப்போதும் எழுதிவைத்துப் படிக்கிற நீ அன்று வெறுங்கையோடு ஒலிவாங்கி முன் உட்கார்ந்திருந்தாய். அதைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டு வாக்கியங்கள் காற்றில் போய்விட்டன. மூன்றாவதைத் தொடங்கியதும் இரண்டாவது ஃபேடரை, அதாவது உன் ஒலிவாங்கியின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை, இறக்கினேன். அதன் அடியில் உன் பெயர் எழுதி ஒட்டியிருந்த மாஸ்கிங் டேப், ஓரம் சுருண்டு, என் விரலில் ஒட்டிக்கொண்டது. பாட்டைப் போட்டேன். உன் ஹெட்போனிலும் அது கேட்டிருக்கும். ஆனாலும் நீ நிறுத்தவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பிறகு, ஒலிவாங்கி ஒலிபரப்பில் இருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கைப் பார்த்தாய். அது அணைந்திருந்தது. அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தாய்.

நீ சொல்ல வந்தது என்ன என்று இங்கே எழுத மாட்டேன். சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள்.

"எஃப்.சி.சி. விதி, உரிமம் போய்விடும்" என்றேன் உன்னிடம். பதினேழு வயதில் அதை நானே நம்பினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் விதிகளின் அச்சுப்படி என் பையில்தானே இருந்தது! விளம்பரம் கூடாது, ஆபாசம் கூடாது, தேர்தல் வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. பள்ளியைக் குறை சொல்லக் கூடாது என்று ஒரு வரிகூட இல்லை. பயந்துவிட்டேன். மன்னித்துவிடு. ஆனாலும், மறுநாள் முதல்வர் அறையில் தனியாக நின்றவன் நான். அங்கே உன் பெயரை நான் சொல்லவில்லை என்பதையாவது தெரிந்துகொள்.

நீயோ அதன் பிறகு வரவேயில்லை. கோபம் நியாயம்தான், ஆறு மணியை என் தலையில் கட்டிவிட்டுப் போனது எந்த நியாயம்? ஒலிபரப்பில் மூன்று விநாடிகூட மௌனம் விழக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். அந்த ஒரு மணி நேரத்தைக் கல்வியாண்டு முடியும்வரை உன் பழைய பதிவுகளைப் போட்டே ஓட்டினேன். உன்னைக் கேட்காமல்தான். நன்றாகவே இருந்தன. இருமல்களைக்கூட நான் வெட்டவில்லை.

இப்போது மிஞ்சியிருந்த பிள்ளைகள் நான்கே பேர். வாரத்துக்கு விதி கேட்கும் 36 மணி நேரத்தை நிரப்ப அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தேன். 12 மாதம் தொடர்ந்து ஒலிபரப்பு இல்லாவிட்டால் உரிமம் தானாகவே காலாவதியாகிவிடும். அப்படிக் கேட்பாரற்றுப் போவதைவிட நாமே கொடுத்துவிடலாம் என்று பேசினேன். நீ இருந்திருந்தால் மேசையைத் தட்டிச் சண்டை போட்டிருப்பாய். போடுவதற்காவது வந்திருக்கலாம்.

கடைசியாக நிலையத்தின் அடையாள எழுத்துகளான அழைப்புக் குறியையும் ஊர்ப் பெயரையும் நான்தான் சொன்னேன். ஊர்ப் பெயரில் குரல் உடைந்தது என்கிறார்கள் பிள்ளைகள். ஒலிவாங்கிக் கோளாறு என்று சொல்லிவைத்தேன்.

ஸ்டூடியோ சாவி ஒன்று இன்னும் உன்னிடம் இருக்கும். அனுப்ப வேண்டாம், பூட்டை மாற்றிவிட்டார்கள்.