பாப்பாவுக்கு, பயணப்படி பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாடி ஒழுகலைச் சரி செய்தாயிற்று. மற்றவை பிறகு.

தீபாவளிக்கு வந்திருந்தபோது அலுவலகத்தில் நீ கொண்டுவந்த புது ஏற்பாட்டைப் பற்றிச் சொன்னாய். ஊர் ஊராகப் போகும் சர்வீஸ் என்ஜினியர்கள் ஒவ்வொரு பில்லையும் படமெடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும், வரம்பை ஒரு ரூபாய் தாண்டினாலும் அது தானாகவே திருப்பி அனுப்பிவிடும், பதினைந்து நாளுக்குள் ஏற்றாத பில் செல்லாது என்றாய். ஒரு கம்பெனியின் கணக்கு முழுவதும் என் மகள் கையில் இருக்கிறது என்று எதிர்வீட்டில் நான் சொல்லிக்கொள்ளாத நாளில்லை. இப்போதும் எனக்குப் பெருமைதான். ஆனால் பில் கொடுக்க அவர்களுக்குப் பதினைந்து நாள் கெடு என்றால், பணம் கொடுக்க உங்களுக்கு எத்தனை நாள் கெடு என்பதை நீ சொல்லவே இல்லை.

பரமக்குடியில் ஒரு லேபில் எந்திரம் நின்றுபோனால் மதுரையில் இருப்பவன் ராத்திரியோடு கிளம்புகிறான். பஸ், ஷேர் ஆட்டோ, லாட்ஜ், இரண்டு வேளை டிபன், அவசரத்துக்குக் கடையில் வாங்கிய ஒயர் என்று எல்லாமே அவன் கைக்காசு. ஆட்டோக்காரர் ரசீது தரமாட்டார். சின்ன லாட்ஜுக்கு ஜி.எஸ்.டி. எண் இருக்காது, ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவர்கள் பொதுவாகப் பதிவு செய்யவே தேவையில்லை என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு மாதம் கழித்து, உரிய பில் இல்லை, காரணம் கூறவும் என்று ஒரு வரி வந்தால், போன பணத்தைவிட அந்த வரிதான் அவனுக்கு வலிக்கும். கம்பெனிக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்துவிட்டு, கம்பெனியிடமே திருட்டுப் பட்டமும் வாங்குகிறான். அவர்களுக்கு முன்பணம் கொடு, பாப்பா.

இந்த விவரமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. மாமா வீட்டு விஷயம் எதையும் நான் இந்தக் கடிதத்தில் எழுதுவதாக இல்லை.

சம்பளம் தாமதமானால் தட்டிக் கேட்கச் சட்டம் இருக்கிறது. பயணப்படிக்கு அந்தப் பாதுகாப்பு நெடுங்காலம் இருந்ததில்லை. பழைய 1936-ஆம் ஆண்டு ஊதியச் சட்டம், சம்பளம் எது என்று விளக்கும் இடத்தில் பயணப்படியை வெளியே நிறுத்தியிருந்தது. நடைமுறையில் அந்தப் பணம் எப்போது வரும் என்பது, உன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் மனத்தைப் பொறுத்தது.

சர்க்கார் அலுவலகத்தில் நான் எத்தனை டி.ஏ. பில், அதாவது பயணப்படி பில், பாஸ் செய்தவள் என்பது உனக்குத் தெரியும். ஆட்சேபணை எழுதுவதில் என்னை யாரும் மிஞ்சியதில்லை என்று அப்பா இன்றைக்கும் கேலி செய்கிறார். அப்படிப்பட்ட மத்திய அரசே, ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு 2017 ஜூலையில், சாப்பாட்டுக்கு வவுச்சர் வேண்டாம் என்று உத்தரவு போட்டது. என் நிலையில் இருந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 800 ரூபாய். தலைமையிடத்தை விட்டு ஆறு மணி நேரத்துக்குள் திரும்பினால் 30 சதவீதம், ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் என்றால் 70, அதற்கு மேல் முழுத்தொகை. இட்லி தின்றாரா, பட்டினி கிடந்தாரா என்று யாரும் கேட்கவில்லை. ரயில்வேயில் முன்பே அப்படித்தான் இருந்தது. மறு ஆண்டு பில் கொடுக்கும் கெடுவை ஒரு வருஷத்திலிருந்து 60 நாளாகக் குறைத்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். நான் கெடுவே வேண்டாம் என்று சொல்லவில்லை. சர்க்காரை விடவா உங்கள் கம்பெனி சிவப்பு நாடாவில் முந்தப் பார்க்கிறது? நீ படித்த படிப்புக்கு இது அழகா?

தணிக்கை இல்லாவிட்டால் ஏமாற்றுவார்கள் என்பாய். ஏமாற்றுவார்கள்தான். அப்பா மருந்துக் கம்பெனிப் பையோடு கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று அலைந்த காலத்தில், உள்ளூர் வேலைக்கு ஒரு படி, போய்விட்டு அன்றே திரும்பினால் ஒரு படி, வெளியூரில் தங்கினால் ஒரு படி என்று இருந்தது. கடைசி பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டு, தங்கியதாக எழுதுகிறவர்கள் அப்போதும் உண்டு. அப்பா அப்படி எழுதியதில்லை. கம்பெனி மூன்று மாதப் பணத்தை நிறுத்திவைத்து, நாள்தவறாமல் விளக்கம் கேட்டுத் தபால் அனுப்பிய அந்த வருஷம் மட்டும் அவரும் அப்படி எழுதினார். இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. உன் பள்ளிக்கூடப் பணத்தை அந்த ஆண்டு எப்படிக் கட்டினோம் என்று நினைத்துப் பார். சந்தேகப்படுகிற இடத்தில் யோக்கியனாக இருந்து ஆகப்போவது என்ன என்று அவரை நினைக்கவைத்தது அந்தத் தபால்கள்தான். பணம் ஒழுங்காக வரத் தொடங்கியதும் அவரும் பழையபடி உள்ளதை உள்ளபடி எழுதத் தொடங்கிவிட்டார்.

உன் ஆப் நாற்பது ரூபாய்த் தேநீரைப் பிடிக்கும். இந்த மனமாற்றத்தைப் பிடிக்காது. கிலோமீட்டரை ஏற்றிப் போடுவது எப்படி, எந்த ஓட்டலில் வெறும் பில் கிடைக்கும் என்று மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். அதற்கும் மனம் ஒப்பாதவன் ராத்திரி அழைப்பு வந்தால் போனை எடுக்கமாட்டான், அல்லது வேறு வேலை தேடிக்கொள்வான். தென்மாவட்டத்தில் மூன்று பேர் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். டைரக்டர்களின் பில் மட்டும் ஆப்பில் ஏறுவதே இல்லை என்று நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். அது உனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைக்கிறாயா?

நல்ல வேலை செய்கிறாய் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. பொங்கலுக்கு வந்தபோது முகம் வாடியிருந்தது. கேட்டால் ஒன்றுமில்லை என்றாய், மாமா வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அப்பாவிடம் நான் எதையும் சொல்லவில்லை, சொன்னால் அவர் எந்தப் பக்கம் பேசுவார் என்று உனக்கே தெரியும். முன்பணம் கொடு என்று மறுபடியும் சொல்கிறேன். தினப்படியை ஒரே தொகையாக வைத்துவிடு. பணம் கொடுக்க உங்களுக்கும் ஒரு கெடு வை, அதை அவர்கள் கண்ணில் படும்படி எழுதிப் போடு.

வைகாசியில் மாமா வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. நீ வராமல் இருக்க முடியாது. நகை நட்டோடு எல்லாரும் நிற்க வேண்டிய இடம் அது. அதற்கு முன்னால் தென்மாவட்டத்தில் தேங்கிக் கிடக்கும் பில்களை எடுத்துத் தீர்த்துவிடு. எல்லாருடையதையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும். ஒருவனுடையதை மட்டும் பாஸ் செய்தால் உன் அலுவலகத்தில் அது வேறு மாதிரிப் பேசப்படும், அவனும் அதை வாங்கிக்கொள்ளமாட்டான்.

அன்புடன்,
அம்மா