ஆச்சேயிலிருந்து திரும்பி வந்து எழுதுவது

அன்பின் ராசனுக்கு,

சித்திரையில் நீ அனுப்பிய மடலுக்கு இத்தனை மாதமாகப் பதில் எழுதாதது என் பிழைதான். சாட்டுச் சொல்லப் போவதில்லை. வீட்டில் எல்லோரும் சுகம், அக்காவின் முழங்கால் மட்டும் பழைய பாட்டையே பாடுகிறது. கோலாலம்பூரில் மகனிடம் போயிருந்தபோது, அவனையும் இழுத்துக்கொண்டு மூன்று நாள் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத் தலைநகரான பண்டா ஆச்சேக்குப் போய்வந்தேன். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஹெல்சிங்கியில் இந்தோனேசிய அரசோடு சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஆச்சே இயக்கத்தவர்கள் முப்பது வருடத் தனிநாட்டுப் போராட்டத்தை விற்றுவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். 2005இல் கல்லடி முகாமில் வானொலிக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், இடையில் கோபித்துக் கடிதத்தைக் கிழிக்காதே.

அங்கே சுனாமி அடித்துவந்து போட்ட, 2,600 தொன் எடையுள்ள மின் உற்பத்திக் கப்பல் ஒன்று வீடுகளுக்கு நடுவே தரையில் நிற்கிறது. அதன் மேல்தளத்தில் ஏறிக் கடலைத் தேடினேன். கூரைகளுக்கு அப்பால் மெல்லிய கோடாகத் தெரிந்தது. சுனாமிதான் அவர்களைச் சமாதானத்துக்குத் தள்ளியது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதே அலை எங்களையும்தானே அடித்தது? 2005 யூன் 24இல் எங்கள் அரசும் புலிகளும் சுனாமி நிவாரணத்தைச் சேர்ந்து நடத்தப் பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கை செய்தார்கள். யூலையில் அதன் முக்கிய பகுதிகளை உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. அதற்குச் சரியாக ஒரு மாதம் கழித்து, ஓகஸ்ட் 15இல், இந்தோனேசிய அரசும் சுதந்திர ஆச்சே இயக்கமும் நடுவராக நின்ற பின்லாந்தின் முன்னாள் சனாதிபதி அத்திசாரி முன்னிலையில் ஹெல்சிங்கியில் ஒப்பமிட்டன.

ஐந்து சுற்றுப் பேச்சில் அவர்கள் அதிகம் பாடுபட்டது சொற்களோடுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இயக்கம் தனிநாடு என்ற சொல்லைக் கீழே வைத்தது. அரசும், தான் ஏற்கெனவே கொடுத்திருந்த விசேட சுயாட்சி என்ற சொல்லைப் பிடித்துத் தொங்கவில்லை. ஆச்சேயின் ஆட்சி என்று பொதுவாக எழுதிவிட்டு, எண்ணெய் எரிவாயு வருமானத்தில் 70 வீதம், சிறையிலிருந்தவர்களுக்குப் பொதுமன்னிப்பு, வெளியிலிருந்து வந்த படைகளின் வெளியேற்றம், நாட்டின் வேறெந்த மாகாணத்துக்கும் இல்லாத உள்ளூர்க் கட்சி உரிமை என்று உள்ளே நிரப்பினார்கள். இதை விற்பனை என்றால், விலை ஒன்றும் மலிவில்லை.

இயக்கம் 840 ஆயுதங்களை ஒப்படைத்தது. கண்காணிப்பாளர்கள் அவற்றை அறுத்துத் துண்டாக்கினார்கள். எல்லாவற்றையும் கொடுத்தார்களா என்று கேட்பாய். கரம் விளையாட்டில் சிவப்புக் காயை மடியில் ஒளித்தவனுக்குத்தான் இந்தச் சந்தேகம் முதலில் வரும். அலை வந்த அன்று சிறையின் கூரை வழியே தப்பிய இயக்கக்காரர் இர்வாண்டி யூசுப், 2006 டிசம்பரில் வாக்குச் சீட்டினால் ஆளுநரானார். அதே மனிதரை 2018இல் ஊழல் வழக்கில் பிடித்தார்கள் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், உனக்கு அந்தச் சந்தோசம் வேண்டாம்.

ஆனால் ஓரிடத்தில் உன்னோடு வாதாட எனக்கு வாயில்லை. உண்மை அறியும் ஆணைக்குழு ஒன்று அமைப்பதாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தும், அதன் உறுப்பினர்கள் நியமிக்கப்பட 2016 வரை சென்றது. பதினொரு வருடம் மச்சான். அதற்குள் எத்தனை தாய்மார் காத்திருந்தே கண்ணை மூடியிருப்பார்கள்? உன் தம்பியின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் அம்மா இருந்த இருப்பு அங்கே எனக்கு நினைவுக்கு வந்துகொண்டேயிருந்தது. ஆயினும் இந்தக் குறைக்காக ஒப்பந்தமே வேண்டாம் என்றிருந்தால், காத்திருக்கும் தாய்மாரின் தொகை கூடியிருக்குமே தவிர, ஒருத்திக்கும் பதில் கிடைத்திருக்காது.

கடைசி இரவு பதினொரு மணிக்குக் கோப்பிக் கடையில் இருந்தோம். இருக்க இடமில்லாத கூட்டம். அந்த நாட்களில் பொழுது சாய்ந்தால் கடைப்பலகை பூட்டிவிடுவார்கள் என்று எங்கள் வண்டிச் சாரதி சொன்னார். அவருடைய அண்ணனும் திரும்பி வராதவர். ஒப்பந்தத்தில் உங்களுக்குத் திருப்தியா என்று கேட்டேன். இல்லை என்றார், தன் மகன் துவக்குச் சத்தம் கேட்டதில்லை என்றும் சொன்னார். பிறகு, உங்கள் ஊரிலும் அலை வந்ததாமே, அதன்பின் என்ன நடந்தது என்று கேட்டார். பொதுக்கட்டமைப்பில் தொடங்கி 2009க்கு வந்து சேர்வதற்குள் மகன் மலாயில் மொழிபெயர்த்துக் களைத்துவிட்டான். என் கோப்பியும் ஆறிப்போயிற்று.

ஆடியில் வருவதாக எழுதியிருந்தாய். கரம் பலகையைத் துடைத்து வைத்திருக்கிறேன். சிவப்புக் காயை மறக்காமல் கொண்டு வா.

அன்புடன்,
சந்திரன்