அணிப் பட்டியலைப் பார்த்தோம், ஐயா

ஹாக்கி நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர்களுக்கும், பையன்களைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல் (நவம்பர் 2025)

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

ஜூனியர் (21 வயதுக்குட்பட்டோர்) உலகக் கோப்பைக்கான இந்திய ஹாக்கி அணியின் பட்டியல் வந்த அன்று சாயங்காலம் எங்கள் ஊரில் பிராக்டிஸ் நடக்கவில்லை. பையன்கள் வேப்பமரத்தடியில் ஒரே செல்போனைச் சுற்றி உட்கார்ந்து பெயர்களை இரண்டு தடவை படித்தார்கள். ஸ்டாண்ட்பை பெயர்களைக்கூட விடவில்லை. கடைசியில் ஒருவன் கேட்டான்: "சார், நம்மாளு யாருமே இல்லையா?"

யாருமே இல்லை. நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை, முதன்முறையாக 24 அணிகளோடு, சென்னையிலும் மதுரையிலும்தான் போட்டி. தமிழ்நாட்டின் சார்பில் மைதானத்துக்குள் போகப்போவது காங்கேயன் என்ற காளைச் சின்னம் மட்டும்தான். அதையாவது ட்ரையல்ஸ் வைக்காமல் எடுத்தீர்களே, நல்லது.

தேர்வான பையன்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. போன மாதம் மலேசியாவில் நடந்த ஜோகூர் கோப்பை ஜூனியர் போட்டியின் ஃபைனலில் ஆஸ்திரேலியாவிடம் 2-1 என்றுதான் தோற்றார்கள். ரோஹித் கேப்டன், ஸ்ரீஜேஷ் கோச். கோப்பையைத் தூக்கினாலும் ஆச்சரியமில்லை. மணிப்பூர் எவ்வளவு சின்ன மாநிலம், அங்கிருந்து இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அதனால் இடஒதுக்கீடு கேட்டு இதை எழுதவில்லை. நான் கேட்பது டர்ஃபில், அதாவது செயற்கைத் தரையில், ஆட நேரம்.

கரிசல்காட்டு ஓரத்தில் ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் நான். எங்கள் மைதானம் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு ஷூவோடு ஒட்டிக்கொண்டு வரும். அதில் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பையன்கள் ஸ்டிக்கை நிமிர்த்திப் பிடித்து, பந்து துள்ளி அடங்கிய பிறகுதான் தொடுவார்கள். அந்தத் தரைக்கு அதுதான் சரி.

இரண்டு வருடத்துக்கு முன் எங்களில் நன்றாக ஆடும் பையன் ஒருவனை ஒரு ட்ரையல்ஸுக்குக் கூட்டிப்போனேன். ராத்திரி பஸ்ஸில் போய், பஸ் ஸ்டாண்டிலேயே பல் விளக்கி, ஏழு மணிக்கு மைதானத்தில் நின்றோம். தண்ணீர் பீய்ச்சி ஈரமாக இருந்த நீல டர்ஃபில் அவன் முதலில் செய்த காரியம், குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தது. வாழ்நாளில் அவன் தொட்ட முதல் டர்ஃப் அது. முதல் பாஸ் வந்தது. வழுக்கிக்கொண்டு வந்த பந்து, அவன் நிமிர்த்திப் பிடித்திருந்த ஸ்டிக்குக்கு அடியில் நழுவிப் போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பந்துக்கு முட்டி மடக்கி, ஸ்டிக்கைத் தரையோடு படுக்கவைத்து நிறுத்திவிட்டான். மூன்றே பந்தில் கற்றுக்கொண்டான், ஐயா! அதற்குள் பேப்பரில் அவன் பெயருக்கு நேரே கோடு விழுந்திருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றுகிறான்.

அவனுக்கு நடந்தது நம் நாட்டுக்கே நடந்ததுதான். 1928 முதல் 1972 வரை ஒரு ஒலிம்பிக்கில்கூடப் பதக்கமில்லாமல் திரும்பாத இந்தியா, 1976-இல் மான்ட்ரியலில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடி ஏழாவதாக வந்தது. அன்று தரையைக் குறை சொன்னோம். எங்கள் பையன் தோற்றால் மட்டும் "டேலண்ட் இல்லை" என்கிறீர்கள்.

டர்ஃப் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. அரியலூர் கார்த்தியும் கோவில்பட்டி மாரீஸ்வரனும் கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் உருவானவர்கள். 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இரண்டு பேரும் இருந்தார்கள். விடுதியில் இடம் கிடைத்தவனுக்கு டர்ஃப் கிடைக்கிறது. கிடைக்காதவன் கரிசலில்தான் ஆட வேண்டும்.

மேடை போட்டால் மட்டும் 1980 மாஸ்கோ ஒலிம்பிக் தங்கமும் அதில் நம் தமிழ்நாட்டு பாஸ்கரன் கேப்டனாக இருந்ததும் தவறாமல் வந்துவிடும். வரட்டும், பெருமைதான். ஆனால் அந்தத் தங்கத்துக்கு 45 வயதாகிவிட்டது. பொன்னாடைக்கும் ஃபிளெக்ஸ் பேனருக்கும் ஆகிற செலவைக் கணக்குப் பார்த்தால் எத்தனை ஜோடி டர்ஃப் ஷூ வாங்கலாம் என்று... சரி, விடுங்கள். கேட்க வந்ததைப் பணிவாகக் கேட்டுவிடுகிறேன்.

மதுரை ரேஸ்கோர்ஸில் உலகக் கோப்பைக்காகத் தயாரான மைதானத்தை டிசம்பருக்குப் பிறகு பூட்டிவைத்துவிடாதீர்கள். வாரத்தில் இரண்டு காலை, இரண்டு மணி நேரம், டர்ஃப் இல்லாத ஊர்ப் பையன்களுக்கு ஒதுக்குங்கள். வேன் செலவை ஊரில் வசூல் பண்ணிக்கொள்கிறோம். ட்ரையல்ஸ் வைப்பதற்கு முன் பத்து நாளாவது அவர்களை டர்ஃபில் ஓடவிட்டு, அதற்கப்புறம் பேனாவை எடுங்கள். இன்று பதினேழு வயதாக இருப்பவன் 2027 ஜூனியர் உலகக் கோப்பைக்கும் வயதுக்குள்தான் இருப்பான். டர்ஃபில் நேரம் மட்டும் கொடுங்கள், மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்.

டிசம்பர் 2 அன்று மதுரையில் இந்தியாவும் சுவிட்சர்லாந்தும் மோதும் ஆட்டத்துக்கு இருபத்திரண்டு பையன்களோடு வருகிறோம். டிக்கெட் இலவசம் என்று அறிவித்ததற்கு நன்றி. ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஐந்து நிமிடம் அவர்களை உள்ளே விட முடியுமா? ஷூவைக் கழற்றிவிட்டு வருவார்கள்.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஒரு பழைய பி.டி. வாத்தியார்