வாசகர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024ஆம் ஆண்டின் செயலறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

பொங்கல் ஒன்றுகூடல் வழக்கம்போல் நடந்தது. மாத வாசிப்புக் கூட்டங்கள் நோன்பு மாதம் நீங்கலாக நடந்தன. கோலாலம்பூர் செந்தூல் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் நூலகத்துக்குப் புத்தகங்கள் கொடுத்தோம். தீபாவளி விருந்துக்கு மண்டபம் நிறைந்தது. அடுத்து வந்த வாசிப்புக் கூட்டத்தில் முன்வரிசை நாற்காலிகள்கூட நிறையவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

இனி, டிசம்பரில் நம் இளையோரைக் காமிக் ஃபியஸ்டாவுக்கு, அதாவது படக்கதை ரசிகர்கள் கதாபாத்திரங்களின் வேஷத்தில் கூடும் விழாவுக்கு, அழைத்துப் போனது பற்றி. இதை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. செயலவையில் எதிர்ப்பு எழுந்தது. "தமிழ் வாசகர் சங்கத்துக்கும் வேஷம் கட்டிக்கொண்டு திரிகிற கூட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்கள். வாட்சாப் குழுவிலும் அந்தப் பேச்சு பல நாள் ஓடியது. அன்று சுருக்கமாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. முழுப் பதிலை இப்போது சொல்கிறேன்.

இளைஞர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை என்று ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் வருத்தப்படுகிறோம். வராதவர்களிடமே போய்க் கேட்டேன். அவர்கள் வாசிக்காமல் இல்லை. தலையணை மொத்தத்தில் புத்தகங்களை வாசிக்கிறார்கள். மந்திரவாதிகளும் டிராகன்களும் கண்காணாத தேசங்களும் வருகிற மிகுபுனைவுக் கதைகள். "உங்க கூட்டத்துல இதப் பத்திப் பேசலாமா அங்கிள்?" என்று படிவம் ஐந்து (இடைநிலைப்பள்ளி ஐந்தாம் ஆண்டு) மாணவி ஒருத்தி கேட்டாள். பேசலாம் என்றேன். மண்டபத்தின் பின்னறையில் இளையோர் வாசிப்பு தொடங்கியது அப்படித்தான். எந்த மொழியில் வாசித்தாலும் பேசுவது தமிழில் என்பது ஒன்றே நிபந்தனை.

முதலில் எடுத்தது ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. 1954லும் 1955லும் மூன்று பாகங்களாக வெளிவந்த நாவல். எழுதியவர் முதல் உலகப் போரில், 1916இல், பிரான்சின் சோம் போர்முனையில் இருந்தவர், நெருங்கிய நண்பர்களை அந்தப் போரில் பறிகொடுத்தவர். அதனாலோ என்னவோ, அவர் கதையில் வெற்றி சுலபத்தில் வருவதில்லை. உலகத்தையே அடிமைப்படுத்தக்கூடிய மோதிரத்தை அழிக்கப் புறப்படுகிறவன் மாவீரன் அல்லன், சிறுபிள்ளை உயரமே உள்ள ஃபிரோடோ. எரிமலை விளிம்புவரை அதைச் சுமந்து வந்தவன், கடைசி நொடியில் எறிய மனம் வராமல் அது தனக்கே என்கிறான். காரியம் முடிவது கோல்லம் என்ற சீரழிந்த பிறவியால். மோதிர வெறியில் அவன் ஃபிரோடோவின் விரலையே கடித்துப் பறித்துக்கொண்டு நெருப்புக்குள் விழுகிறான். அதுவரை கோல்லம் உயிரோடு இருந்ததற்குக் காரணம், கொல்ல வாய்ப்பிருந்தும் முதலில் ஃபிரோடோவுக்கு முன் மோதிரத்தை வைத்திருந்த பில்போவும், பிறகு ஃபிரோடோவும், கடைசியில் அவன் தோழன் சாமும் இரங்கி அவனை விட்டதுதான்.

பிள்ளைகள் இதைப் பற்றி இருட்டும்வரை வாதாடினார்கள். இரக்கத்துக்குக் கிடைத்த பலனா, தற்செயலா? பேச்சு சூடாக இருந்தபோது, லாரியில் உதவியாளராக வேலை செய்யும் தம்பி ஒருவர் வாய் திறந்தார். பள்ளி நாளில் தன்னை அடித்துத் துன்புறுத்தியவனை அண்மையில் வேலையிடத்தில் பார்த்தாராம். பழி தீர்க்க நேரமும் ஆளும் இருந்தும் போகவிட்டாராம். அது கோழைத்தனமோ என்று உறுத்திக்கொண்டே இருந்ததாகச் சொன்னார். அறை அமைதியானது. அந்தப் படிவம் ஐந்து மாணவிதான், "இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயஞ் செய்து விடல்" என்றாள். குறள் இன்னும் ஒரு படி மேலே போகிறது, விட்டுவிட்டால் போதாது, நல்லதும் செய்யச் சொல்கிறது. தம்பி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "அது ரொம்ப ஓவர்" என்றார். அடுத்த கூட்டத்துக்கும் வந்து அதே குறளைப் பற்றியே வாதாடினார். தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஒரு குறளோடு இருபது வயதுப் பிள்ளை இரண்டு வாரம் மல்லுக்கட்டியதை நம் மாதக் கூட்டங்களில் நான் பார்த்ததில்லை.

அடுத்து அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ', 1968இல் வந்தது. கெட் என்ற மாணவன் தற்பெருமையில் மந்திரம் செய்து ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். அதற்குப் பயந்து ஓடுகிறான், பிறகு திரும்பி நின்று அதைத் துரத்துகிறான், முடிவில் அதைத் தன் பெயராலேயே அழைத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறான். கெட்டின் நிறம் செம்பழுப்பு, அவன் உற்ற தோழன் வெட்ச் இன்னும் கறுப்பு. இந்தக் கதையைத் தொலைக்காட்சிக்கு எடுத்தபோது கெட்டை வெள்ளைக்காரனாக்கியதை லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்தார். தன் நிறத்துக் கதாநாயகனைப் புத்தகத்தில் முதல் தடவை பார்க்கிறேன் என்று ஒரு பையன் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இவையெல்லாம் வெள்ளைக்காரன் கதை என்று சொல்லும் மூத்த அன்பர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்து வளர்ந்தவர்கள் நாம். வேதாளம் கதை முடிவில் நியாயம் கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். சொன்னாலோ வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். விக்கிரமாதித்தன் சலிக்காமல் திரும்பிப் போவான். அறத்தைப் பேய் வாயால் கேட்டு வளர்ந்த நாம், பிள்ளைகள் அதை மந்திரவாதி வாயால் கேட்பதற்கு ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

காமிக் ஃபியஸ்டா 2002 முதல் நடந்துவரும் ரசிகர் விழா. இம்முறை கோலாலம்பூர் நகர மையத்தில் உள்ள கே.எல்.சி.சி. மாநாட்டு மையத்தில் நடந்தது. செந்தூலில் எல்.ஆர்.டி. ரயில் ஏறி, மஸ்ஜிட் ஜாமேக்கில் மாறிப் போனோம். சுரங்க நடைபாதையிலேயே வாளும் இறக்கையும் நீலமுடியுமாகப் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். உள்ளே, தாங்களே வரைந்த கதைகளையும் படங்களையும் மேசை போட்டு விற்கும் இளைஞர்கள். பெரிய பதிப்பகத்தின் தயவை எதிர்பார்க்காமல் படைப்பாளியே வாசகர் கண்ணைப் பார்த்துப் புத்தகத்தைக் கொடுப்பதை நம் எழுத்தாளர் அன்பர்கள் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும்.

நான் பார்த்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். நம் பையன் ஒருவன் ஃபோம் அட்டை வெட்டிச் செய்த மார்க்கவசத்தின் தோள்வார், கூட்ட நெரிசலில் அறுந்து விழுந்தது. மாதக்கணக்கில் செய்தது. பையன் அழும் நிலைக்கு வந்துவிட்டான். சுவரோரம் உட்கார்ந்திருந்த துடோங் (தலைமுக்காடு) அணிந்த மலாய்ப் பெண் ஒருத்தி கேட்காமலேயே எழுந்து வந்தாள். இடுப்புப் பையிலிருந்து ஊசி, நூல், பசை, ஊக்கு எல்லாம் வெளியே வந்தன. முட்டி போட்டு உட்கார்ந்து வாரைத் தைத்து, பசை காயும்வரை விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டாள். அறுந்த வேஷத்தைச் சரிசெய்ய இப்படிப் பையோடு வருகிறவர்கள் அங்கே பலர் என்று பிள்ளைகள் சொன்னார்கள். அனுமதி கேட்காமல் யாரையும் படமெடுக்கக் கூடாது என்பதையும் அங்கே கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். வேஷத்தைக் கேவலமாகப் பேசியவர்களுக்குத் திரௌபதை அம்மன் கூத்து தெரியாமல் இருக்காது. அதில் அர்ச்சுனன் வேஷத்தில் தபசு மரம் ஏறுகிறவர் விரதமிருந்துதான் ஏறுகிறார். ஏற்ற வேஷத்துக்குத் தகுதியாக நடந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் அந்த மண்டபத்திலும் இருந்தது.

செலவு பற்றிப் பேச்சு எழுந்ததால் சொல்கிறேன். நுழைவுச் சீட்டைப் பிள்ளைகள் தங்கள் காசில் வாங்கினார்கள். சங்கம் கொடுத்தது ரயில் கட்டணமும் மதியச் சாப்பாடும் மட்டுமே.

பொதுவாக வரவு செலவு சமநிலையில் இருக்கிறது. தீபாவளி விருந்தில் சிறிது கையைக் கடித்தது, நன்கொடையால் சரிக்கட்டினோம். விவரங்களைப் பொருளாளர் அம்மா சமர்ப்பிப்பார், உள்கணக்காய்வாளர்கள் பார்த்துக் கையொப்பமிட்டிருக்கிறார்கள்.

சந்தா நிலைமைதான் கவலைக்குரியது. உறுப்பினர்களில் பெரும்பகுதியினர் இவ்வாண்டுச் சந்தாவைக் கட்டவில்லை. சிலருக்கு இரண்டு மூன்று ஆண்டு நிலுவை. மாதம் இரண்டு வெள்ளி (ரிங்கிட்), ஒரு தே தாரே (ஆற்றிய தேநீர்) குடிக்கும் காசு. நினைவூட்டினால் "அடுத்த கூட்டத்தில் தருகிறேன்" என்கிறார்கள், அடுத்த கூட்டத்துக்கு வருவதில்லை. செயலவைக் கூட்டம் குறைந்தபட்ச எண்ணிக்கையில் ஆள் வராமல் தள்ளிப்போனதும் உண்டு. அன்று அறைக்கு வாடகை கொடுத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்தோம். சங்கப் பணத்தில் இளையோருக்கு ரயில் கட்டணம் கொடுத்ததைக் கேள்வி கேட்டவர்களில் சிலரும் நிலுவைப் பட்டியலில் இருக்கிறார்கள். பெயர் சொல்வது முறையல்ல.

தலைவர் அவர்களுக்கும், துணைச் செயலாளருக்கும், மண்டபம் தந்து உதவிய கோவில் நிர்வாகத்துக்கும், விருந்துக்குச் சமைத்த அம்மாமார்களுக்கும் நன்றி. பின்னறையைக் கூட்டிப் பெருக்கி நாற்காலி அடுக்கிய இளையோருக்குத் தனி நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, இக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டு விவரங்களைச் சங்கங்களின் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பாரத்தில் எழுதச் செயலவைக்குப் பெயர்கள் வேண்டும். நான் மறுபடி செயலாளராக நிற்பது உங்கள் விருப்பம். நின்றால் இளையோர் வாசிப்பும் டிசம்பர்ப் பயணமும் தொடரும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தொடர வேண்டாம் என்று நினைப்பவர்கள் தேர்தலில் போட்டியிட்டு வேறு திட்டம் கொண்டுவரலாம், மனதார வரவேற்கிறேன். இளையோரில் இருவரைச் செயலவையில் சேர்க்க வேண்டும் என்ற என் தீர்மானம் தேர்தலுக்கு முன் வருகிறது. முன்மொழிய ஆள் இருக்கிறது, வழிமொழிய உங்களில் ஒருவர் கை தூக்க வேண்டும். பொருளாளர் அம்மா ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். சந்தா நிலுவை உள்ளவர்கள் சாப்பாட்டுக்குப் போகுமுன் அவரைப் பார்த்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வணக்கம்.

செயலாளர்